பாங்காக்கில் சிக்கனமாகத் தங்க: அறை தேடுவதிலிருந்து சாவியைத் திருப்பித் தருவது வரை

பாங்காக்கில் ஓர் இரவுக்கு 800 பாட் (தாய்லாந்துப் பணம்) இருந்தால் ஒருவரோ இருவரோ தங்க நல்ல அறையே கிடைக்கும். ஏசி, தனிக் குளியலறை, வெந்நீர், துவைத்த வெள்ளை விரிப்பு, இரண்டு பாட்டில் குடிநீர். பாட்டின் மதிப்பு நம் பணத்தில் இரண்டரை ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நம் பெருநகரங்களில் இந்தக் காசுக்கு இவ்வளவு சுத்தமான அறை கிடைப்பது கஷ்டம்.

ஆகவே மலிவான அறை கிடைக்குமா என்ற கவலையே வேண்டாம். முதல் தடவை போகிறவர்களின் காசு கரைவது வேறு இடத்தில். 600 பாட்டுக்கு ஊரின் ஒரு மூலையில் அறை பிடித்துவிட்டு, காலையில் கோயிலுக்கு ஒரு டாக்சி, மதியம் கடைத்தெருவுக்கு ஒரு டாக்சி, இரவு திரும்ப ஒரு டாக்சி என்று, மிச்சம் பிடித்ததற்கு மேலேயே கொடுத்துவிடுவார்கள். நெரிசலில் போகும் நேரம் தனி. இந்த ஊரில் அறை தேடும்போது நான் முதலில் பார்ப்பது பக்கத்தில் ரயில் நிலையம் இருக்கிறதா என்பதைத்தான். வாடகையெல்லாம் அப்புறம்.

முதல் வேலை: பகுதியை முடிவுசெய்வது

தலைக்கு மேலே தூண்களில் ஓடும் பி.டி.எஸ். ரயில் 1999இல் வந்தது. நிலத்தடியில் ஓடும் எம்.ஆர்.டி. 2004இல் தொடங்கியது. இவற்றோடு சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் ஏர்போர்ட் ரயில் லிங்க். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் நிலையத்துக்குப் பத்து நிமிட நடையில் இருக்கும் ஓட்டல்களை மட்டும் பாருங்கள். விளம்பரத்தில் 'நிலையத்துக்கு அருகில்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். வரைபடத்தில் நடைப் பாதையைப் போட்டு நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அளக்கும்போது இந்த ஊரின் தெருக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய சாலையிலிருந்து பிரியும் கிளைத் தெருவுக்குச் சோய் என்று பெயர். ஒற்றைப்படை எண்கள் சாலையின் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் மறுபக்கம். இரண்டும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. சுகும்வித் சாலையில் 21ஆம் சோய்க்கு எதிரே 22ஐத் தேடினால் கிடைக்காது, அங்கே இருப்பது 14, 16. சில சோய்கள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போகும். முகவரியில் சோய் எண் சரியாக இருந்தும் ஓட்டல் அதன் கடைசியில் இருந்தால், வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். சோய் வாசலில் ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் நிற்பார்கள், சில்லறைக் காசுக்கு உள்ளே கொண்டுபோய் விடுவார்கள். பெட்டியோடும் குழந்தையோடும் அது சரிப்பட்டு வராது.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது பயா தாய், ராட்சதேவி பகுதி. விமான நிலைய ரயில் வந்து முடிவது பயா தாயில்தான், அங்கேயே பி.டி.எஸ். மாறிக்கொள்ளலாம். ராட்சதேவி நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் சேன் சேப் கால்வாயின் படகுத்துறை. அந்தப் படகு பழைய நகரின் ஓரம் வரை போகும். ஆரவாரம் இல்லாத பகுதி, தள்ளுவண்டிச் சாப்பாடும் நிறைய.

வாடகை இன்னும் குறைய வேண்டுமென்றால் பி.டி.எஸ்.ஸில் கிழக்கே போய் ஓன் நுட், பிரா கனோங் பக்கம் பாருங்கள். ஊர்க்காரர்கள் குடியிருக்கும் இடம், சாப்பாட்டு விலையும் அதற்கேற்ப இருக்கும்.

யாவரத் என்ற சீனத் தெருவுக்கு 2019 முதல் வாட் மங்கோன் எம்.ஆர்.டி. நிலையம் இருக்கிறது. பழைய கடைவீடுகளை மாற்றிய சிறு ஓட்டல்கள் அங்கே அதிகம். பக்கத்து நிலையமான சாம் யோட்டில் இறங்கினால் துணிக்கடைகளும் இந்தியச் சாப்பாடும் உள்ள பாஹுரத்.

நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகத் தங்குவது பிராதுநாமில். மொத்தவிலைத் துணி வாங்கப் போகிறீர்கள் என்றால் அதுதான் இடம். சுற்றிப் பார்க்க என்றால் வேண்டாம்: பி.டி.எஸ். நிலையம் கால்மணி நேர நடையில் இருக்கிறது, தெருவும் எந்நேரமும் அடைத்துக்கொண்டிருக்கும். முதுகுப்பை ஆட்களுக்குப் பேர்போன காவோ சானுக்கும் ரயில் கிடையாது. அரண்மனையும் வாட் போ புத்தர் கோயிலும் கிட்டத்தில் இருப்பது வசதிதான். ஆனால் அந்தத் தெருவிலேயே அறை எடுத்தால் பாட்டுச் சத்தம் ஓய நடுராத்திரி தாண்டிவிடும். இரண்டு தெரு தள்ளி எடுங்கள். நானா பகுதியில் இந்திய, அரபு உணவகங்கள் தாராளம். கூடவே இரவில் பாலியல் வியாபாரமும் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே எந்தச் சோய் என்பதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

சீலோமைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பான் சாலை முனையில் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே வந்து கும்பிடுபவர்களில் தாய்லாந்து மக்களே அதிகம் என்பதைப் பார்க்கவே ஒரு நடை போகலாம். விஜயதசமி இரவு சாமி ஊர்வலத்துக்காகச் சீலோம் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அன்று அந்தப் பக்கம் அறை எடுத்திருந்தால் பகலிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள், ராத்திரி டாக்சி வாசல் வரை வராது.

பதிவு செய்யும்போது

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயில் குறைவு, அதனால் வாடகை கூடுதல். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான் தண்ணீர்த் திருவிழா. அதற்கு முன்கூட்டியே பதிவு வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் அறை மலிவு, ஆனால் பெரிய மழைக்குச் சில சோய்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

அறை விவரத்தில் ஜன்னல் உண்டா என்று பாருங்கள். பாங்காக்கின் மலிவு ஓட்டல்களில் ஜன்னலே இல்லாத அறைகள் சாதாரணம். விலை நூறு, நூற்றைம்பது பாட் குறைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். ஒரே இரவு என்றால் பரவாயில்லை. நாலைந்து நாளுக்கு ஈர வாடை பிடித்த அறை தலைவலி. கடைவீட்டை மாற்றிய ஓட்டல்களில் லிஃப்ட் இருக்காது. வயதானவர்கள் கூட வந்தால் இதைக் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். மாடிக் கணக்கையும் கவனியுங்கள்: நாம் தரைத்தளம் என்பதை அவர்கள் முதல் மாடி என்பார்கள். அவர்களுடைய நான்காம் மாடி நமக்கு மூன்றாவது.

விமர்சனங்களில் நட்சத்திர எண்ணிக்கையை விடுங்கள். கடைசி இரண்டு மாதத்தில் எழுதியதை மட்டும் படித்து, அதில் சத்தம், வாடை, மூட்டைப்பூச்சி, பக்கத்தில் கட்டட வேலை என்ற நான்கைத் தேடுங்கள். ஓட்டல் போட்ட படங்களைவிடத் தங்கியவர்கள் போட்ட படங்கள் உண்மை பேசும். விலையைப் பார்க்கும்போது வரி சேர்ந்த தொகையைக் காட்டும்படி தளத்தை மாற்றிக்கொள்ளுங்கள். 7 சதவீத மதிப்புக்கூட்டு வரியும், சில இடங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் கடைசிப் பக்கத்தில்தான் தலைகாட்டும்.

அடுக்குமாடி வீட்டைத் தினவாடகைக்கு எடுக்கும் யோசனை இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஓட்டல் உரிமம் இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுவது தாய்லாந்தின் ஓட்டல் சட்டத்துக்குப் புறம்பானது. பல குடியிருப்புகளின் வாசலிலேயே தினவாடகைக்கு அனுமதி இல்லை என்ற பலகை தொங்கும். 'காவலாளி கேட்டால் நண்பர் வீடு என்று சொல்லுங்கள்' என்று வீட்டுக்காரர் செய்தி அனுப்பினால், அந்த அறை வேண்டவே வேண்டாம்.

தேதிக் குழப்பமும் விடியற்கால வருகையும்

சென்னையிலிருந்து போகும் விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டியோ அதற்குப் பிறகோ கிளம்பி விடியலில் பாங்காக்கில் இறங்கும். அந்த ஊர் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் 10ஆம் தேதி 00.45 என்று இருந்தால், நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவது 9ஆம் தேதி இரவு, அங்கே போய்ச் சேர்வது 10ஆம் தேதி அதிகாலை. அறை 10ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்குத்தான் உங்களுடையது.

நடுவில் உள்ள எட்டு ஒன்பது மணி நேரத்தை என்ன செய்வது? சின்னக் குழந்தையோ பெரியவர்களோ கூட இருந்தால் 9ஆம் தேதியிலிருந்தே அறையை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு, 'நாங்கள் 10ஆம் தேதி காலை ஏழு மணிக்குத்தான் வருவோம், வரவில்லை என்று பதிவை ரத்துசெய்ய வேண்டாம்' என்று ஓட்டலுக்குக் கட்டாயம் எழுதுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பதிவு ரத்தாகிவிடலாம். இளவட்டம் என்றால் அந்த ஒரு நாள் வாடகை வீண். பெட்டியை ரிசப்ஷனில் வைத்துவிட்டு, கீழேயுள்ள கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டு ஊரைப் பார்க்கக் கிளம்பிவிடலாம். அறை சீக்கிரம் காலியானால் பதினொரு மணிக்கே தந்துவிடுவார்கள். பணிவாகக் கேட்டால் கிடைக்கும், உரிமையாகக் கேட்டால் கிடைக்காது.

சிறு ஓட்டல்கள் எல்லாவற்றிலும் 24 மணி நேரமும் ஆள் இருக்கமாட்டார்கள். இரவு பத்து மணிக்கு மேல் கதவைப் பூட்டிவிட்டுப் போகும் இடங்கள் உண்டு. அகால நேரத்தில் இறங்குகிறவர்கள் இதைப் பதிவுக்கு முன்பே கேட்க வேண்டும். அங்கே எல்லோரும் பேசிக்கொள்வது லைன் என்ற செயலியில். மின்னஞ்சலுக்குப் பதில் வராத ஓட்டல்கூட லைனில் சட்டென்று பதில் போடும்.

கிளம்பும் முன் இன்னொரு வேலை. 2025 மே முதல் தேதியிலிருந்து தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். ஓட்டல் முகவரியைக் கேட்கும். அரசின் தளத்தில் இது இலவசம். பணம் கேட்டால் அது இடைத்தரகர் தளம். விசா விதிகளை மட்டும் தெரிந்தவர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவை மாறிக்கொண்டே இருப்பதால், பயணத்துக்கு முன் தாய்லாந்துத் தூதரகத்தின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். குடிநுழைவு அதிகாரி கேட்டால் காட்ட, ஓட்டல் பதிவையும் திரும்பும் டிக்கெட்டையும் தாளில் எடுத்து வைத்திருப்பது நல்லது. போனில் சார்ஜ் தீர்வது அந்த வரிசையில்தான் நடக்கும்.

விமான நிலையத்திலிருந்து

சுவர்ணபூமியில் கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கினால் ரயில். பயா தாய் வரை 45 பாட், அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயிலுக்குப் போகும் வழியில் உள்ள பணமாற்றுக் கடைகளில் மேல்தளத்து வங்கிக் கவுன்ட்டர்களைவிட நல்ல விலை கிடைக்கும். அன்றைய செலவுக்கும் ஓட்டல் டெபாசிட்டுக்கும் வேண்டியதை அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஏடிஎம் அட்டையை அங்கே போட்டால் ஒவ்வொரு தடவைக்கும் 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். எடுப்பதானால் ஒரே தடவையில் எடுங்கள். திரையில் ரூபாய்க் கணக்கில் மாற்றித் தரவா என்று கேட்டால் வேண்டாம் என்பதை அழுத்துங்கள்.

மூன்று நான்கு பேர், பெட்டிகள் என்றால் டாக்சியே மேல். தரைத்தளத்தில் (அவர்கள் கணக்கில் முதல் தளம்) இயந்திரத்தில் சீட்டு எடுத்து மீட்டர் டாக்சியில் ஏறலாம். மீட்டருக்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணம், மேம்பாலச் சாலைச் சுங்கம் தனி. நகரின் இன்னொரு விமான நிலையமான டான் முவாங்கில் இறங்குகிறவர்களுக்குச் சிவப்பு வழித்தட ரயில் உண்டு. ஏ1 பேருந்தைப் பிடித்தால் மோ சிட்டில் பி.டி.எஸ். மாறலாம். ஓட்டலின் பெயர், முகவரி, போன் எண் மூன்றும் தாய்லாந்து எழுத்தில் உங்கள் போனில் இருக்கட்டும். ஆங்கில எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் ஓட்டுநர்கள் அதிகம்.

ரிசப்ஷனில்

தங்கும் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். வெளிநாட்டவர் வந்து 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறைக்கு ஓட்டல் தகவல் தர வேண்டும் என்பது சட்டம், ஆகவே இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. படி எடுத்துக்கொண்டதும் பாஸ்போர்ட்டைக் கையோடு திரும்ப வாங்குங்கள். ஈடாக வைத்துக்கொள்கிறோம் என்றால், பதிலாகப் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

டெபாசிட் வழக்கமாக 500லிருந்து 1000 பாட் வரை, ரொக்கமாக. ரசீது கேளுங்கள். கொடுத்த கையோடு மேலே போய், பையைத் திறக்கும் முன் அறையை ஒரு சுற்று போனில் வீடியோ எடுத்துவிடுங்கள்: விரிப்பு, துண்டு, சுவர், கண்ணாடி, ரிமோட். பிறகு மேசையில் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கும் அபராதப் பட்டியலைப் படியுங்கள். யாரும் படிப்பதில்லை, தகராறெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. புகைபிடித்தால் இவ்வளவு, சாவி தொலைந்தால் இவ்வளவு. துரியன் பழத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட படம் லிஃப்டிலேயே இருக்கும், அதன் வாடை ஏசியில் ஏறினால் நாள்கணக்கில் போகாது. நம்மவர்கள் மாட்டிக்கொள்வது மங்குஸ்தானில். அந்தத் தோலின் சாறு வெள்ளை விரிப்பில் பட்டால் துவைத்தாலும் போகாது, விரிப்பின் விலையைக் கேட்பார்கள். பழத்தைச் சந்தையிலேயே நின்று சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மருதாணி, தலைச்சாயம், தேங்காய் எண்ணெய் விஷயத்திலும் அதே கவனம் வேண்டும். ஒரு பழைய துண்டை வீட்டிலிருந்து எடுத்துப் போனால் போதும்.

மின்சிகரெட் தாய்லாந்தில் தடைசெய்யப்பட்ட பொருள். பையில்கூட வைத்திருக்காதீர்கள்.

அறை பிடிக்கவில்லை என்றால் அப்போதே, பொருளைப் பரப்பும் முன் சொல்லுங்கள். குரலை உயர்த்தினால் அங்கே காரியம் கெட்டுப்போகும். சிரித்த முகத்தோடு கைகூப்பிக் கேட்டால் வேறு அறை கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அறைக்குள் அன்றாடம்

நம்மவர்களுக்கு ஒரு நிம்மதி: கழிப்பறையில் தண்ணீர் பீய்ச்சும் குழாய் பெரும்பாலும் எல்லா இடத்திலும் இருக்கும். காகிதத்தைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்துக் குப்பைக்கூடையில் போடும்படி எழுதியிருந்தால் அப்படியே செய்யுங்கள், குழாய்கள் குறுகலானவை. குளிக்கும் இடம் தனியாகப் பிரிக்கப்படாமல் தரை முழுக்க நனையும் அறைகளும் உண்டு, வழுக்கும்.

மின்சாரம் 220 வோல்ட், நம் கருவிகளுக்குப் பொருந்தும். போன் சார்ஜரின் இரண்டு முள் பிளக் நேராகப் போகும். நம் மூன்று முள் பிளக் போகாது, லேப்டாப் கொண்டுபோகிறவர்களுக்கு அடாப்டர் வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பும் குக்கரும் எடுத்துப் போகும் குடும்பங்களை விமான நிலையத்தில் பார்க்கலாம். அறையில் சமைக்க அனுமதி கிடையாது, தாளித்த வாசனை மாடி முழுக்கச் சொல்லிவிடும்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். தெருவோரத் தண்ணீர் இயந்திரத்தில் லிட்டருக்கு ஒரு பாட் அளவில் பிடித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மூலைக்கு மூலை செவன் லெவன் கடை. துணி துவைக்க ஓட்டலில் கொடுத்தால் உருப்படிக்குக் கணக்கு, வெளியே கிலோவுக்குக் கணக்கு. காசு போடும் சலவை இயந்திரக் கடைகளும் பல சோய்களில் உண்டு.

மலிவு ஓட்டலில் காலை உணவு சேர்த்த விலைக்குப் போகாதீர்கள். ரொட்டி, முட்டை, பன்றி இறைச்சித் துண்டு என்று இருக்கும். வெளியே அதே பணத்துக்கு இரண்டு வேளை சாப்பிடலாம். சைவர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பாக எழுதிய 'ஜே' கடைகளைத் தேடலாம். அங்கே இறைச்சி, மீன் சாறு, முட்டை எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூட இல்லை. மற்ற கடைகளில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு விழுந்துவிடும். 'மை சை நாம் ப்லா' என்று சொன்னால் அதை விட்டுவிடுவார்கள். அசோக் நிலையத்தை ஒட்டிய டெர்மினல் 21 வணிக வளாகத்தின் மேல்மாடி உணவுக்கூடத்தில் தெருக்கடை விலைக்கே ஏசியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

பி.டி.எஸ்., எம்.ஆர்.டி. இரண்டும் நள்ளிரவோடு நின்றுவிடும். அதற்கு மேல் க்ராப், போல்ட் செயலிகளில் வண்டி பிடிப்பது பேரம் பேசுவதைவிட நல்லது. ஏதாவது சிக்கல் என்றால் சுற்றுலாப் போலீஸ் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். ஆம்புலன்ஸ் 1669.

கிளம்பும் நாள்

அறையைக் காலி செய்ய மதியம் பன்னிரண்டு மணி, சில இடங்களில் பதினொன்று. சென்னைக்குத் திரும்பும் விமானம் பெரும்பாலும் இரவில். பெட்டியை இலவசமாக வைத்துக்கொள்வார்கள், எண் போட்ட அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். பணமும் பாஸ்போர்ட்டும் மட்டும் உங்களோடு இருக்கட்டும். அறையின் இரும்புப் பெட்டகத்தில் வைத்திருந்தால் சாவி தரும் முன் அதைத் திறந்து பாருங்கள், போன் சார்ஜரையும் கட்டில் பக்கத்துச் சுவரில் பாருங்கள். சுத்தம் செய்பவருக்குத் தலையணை மேல் 20 பாட் வைப்பது கட்டாயமில்லை, வைத்தால் சந்தோஷப்படுவார்.

விடியற்காலையில் கிளம்புவதாக இருந்தால் டெபாசிட்டை முந்தின இரவே பேசி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பணப்பெட்டிச் சாவி யாரிடமும் இருக்காது. ரசீதைக் காட்டி ரொக்கமாகவே திரும்ப வாங்குங்கள். அந்த ஆயிரம் பாட்டை நகருக்குள்ளேயே, விமான நிலைய டாக்சிக்கும் கடைசிச் சாப்பாட்டுக்கும் செலவழித்துவிடுவது லாபம், ஏனென்றால் சென்னையில் பாட்டை ரூபாயாக மாற்றப்போனால் கிடைக்கும் விலை மோசம்.